மறதி நோயுற்ற முதியோருக்குக் காப்பகம்: நேரில் கண்டறிய வேண்டியவை

முதுமையில் வரும் மறதி நோய் பட்டணத்தாரின் நோய் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று அவ்வெண்ணத்துக்கு இடமில்லாமற் செய்துவிட்டது. 60 வயது நிரம்பிய இந்தியரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது அதன் மதிப்பீடு. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆடவரைவிடப் பெண்டிரிடத்திலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கண்டது. 300 முதியோர் உள்ள ஒரு பஞ்சாயத்தில் இக்கணக்குப்படி 20 பேருக்கு மேல் இருத்தல் வேண்டும். எங்கள் பஞ்சாயத்தில் அப்படி ஒருவரும் இல்லையே என்று கூறும் அங்கத்தினர், வீடுகளின் பின்கட்டுத் திண்ணையைச் சற்று எட்டிப் பார்ப்பாராக. "வயதானால் புத்தி தடுமாறத்தானே செய்யும்" என்ற ஒரு வார்த்தையில் அங்கே அவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இவர்களிற் பெரும்பாலோரை வீட்டில் வைத்தே பராமரிக்கலாம், பராமரித்தும் வருகிறோம். ஆயினும், வீட்டாரால் இயலாத நிலை சில குடும்பங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கள் குடும்பத்துக்கு அது வந்தது.

என் பெரியம்மாவுக்கு அப்போது வயது 76. கரிசற்காட்டில் பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். பொழுது சாய்ந்ததும், "கன்றுக்குட்டி வெளியே நிற்கிறது, பிடித்துக் கட்டவேண்டும்" என்று புறப்பட்டுவிடுவார். அவ்வீட்டில் கன்று காலி இருந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறதி நோயாளர் பலருக்கு அந்தி வேளையில் பதற்றமும் தடுமாற்றமும் கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஒரு கார்த்திகை மாத இரவு, மழைத் தூற்றலில், கைப்பிடிச் சுவரில்லாத தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்ததை என் அண்ணன் கண்டு தூக்கி வந்தார். பகலில் வயல் வேலையும் இரவில் வாசற்படிக் காவலுமாக இருந்து, அண்ணியும் படுக்கையில் விழுந்திருந்த சமயம் அது. "தம்பி, இனி எங்களால் ஆகாது. நல்ல இடமாக எங்காவது பார்" என்றார் அண்ணன். அதைச் சொல்ல அவர் எத்தனை நாள் தயங்கியிருப்பார் என்பதை நான் அறிவேன். ஊரார் ஏசுவார்கள் என்ற அச்சம் எங்கள் இருவருக்கும் இருந்தது. ஏசவும் செய்தார்கள்.

காப்பகம் தேடப் புறப்படுமுன் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. மறதியெல்லாம் தீராத மறதி அன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 சத்துக் குறைவு, தலையில் அடிபட்டு மூளையின் உறைக்குக் கீழே தேங்கிய இரத்தம், மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகிய இவையும் மறதி நோய் போலத் தோற்றமளிக்கும். இவற்றிற் பல சிகிச்சையால் சீர்ப்படும். ஆதலின் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனையும் தலைப் படமும் எடுத்து மருத்துவரின் முடிவைப் பெறுதல் அவசியம். பெரியம்மாவுக்கு வந்திருந்தது அல்சைமர் நோய் என்று தெளிவாயிற்று. அதனை முற்றும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

இனிக் காப்பகத்தைப் பற்றிக் கூறுகிறேன். நான் உத்தியோக முறையில் ஆய்வு செய்து பழகியவன். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு ஒரு சத்துணவு மையத்துக்குச் சென்றால் தரை கழுவியிருக்கும். பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்பர். சாம்பாரிலும் அன்று பருப்புச் சற்று மிகுந்திருக்கும். அறிவியாமற் சென்றால்தான் உண்மை நிலை புலப்படும். இவ்வளவு தெரிந்திருந்தும், முதற் காப்பகத்துக்கு நாங்கள் தொலைபேசியில் நேரம் குறித்துக்கொண்டே சென்றோம். புறவழிச் சாலையை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். பளபளக்கும் தரை, பூந்தொட்டிகள், நன்கொடையாளர்களின் படங்கள், கூடத்தில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. அண்ணனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. முன்பணத்தையும் மடியிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பளபளப்பான தரையே முதியோரின் காலை வழுக்கிவிடும் என்பதுகூட அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் தவணை கேட்டுத் திரும்பினோம். மறுநாள் இரவு ஏழரை மணிக்கு நான் மட்டும் அறிவியாமற் சென்றேன். கதவு திறக்கக் கால் மணி நேரமாயிற்று. 22 பேருக்கு ஒரே ஒரு பணிப்பெண். மாலை ஐந்து மணிக்கே இரவு உணவை முடித்து விளக்குகளை அணைத்திருந்தார்கள். முதியவர் இருவர் நாற்காலியோடு சேர்த்துத் துண்டினால் கட்டப்பட்டிருந்தனர். அப்பணிப்பெண்ணின் மீது நான் குறை கூறமாட்டேன். "ஒருத்தி எத்தனை பேரைப் பார்ப்பேன், ஐயா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பெரியம்மாவின் பதற்றமெல்லாம் அந்தியில்தான் தொடங்கும். அவ்வேளையில் அங்கே அவருக்கென்று ஒரு கையும் இல்லை.

ஆகவே, பகல் பதினொரு மணிக்குக் கண்ட காப்பகத்தை இரவு ஏழு மணிக்கும் ஒரு முறை காண வேண்டும் என்பதையே நான் முதன்மையாக வற்புறுத்துவேன். பணியாளர் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் சம்பளப் பட்டியலில் உள்ள எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள். இன்று இரவு விழித்திருப்பவர் எத்தனை பேர், அவர்கள் பொறுப்பில் உள்ள முதியோர் எத்தனை பேர், அவருள் தாமே எழுந்து நடக்க இயலாதவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பணியாளர்களிடமே, இங்கே எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுப் பார்ப்பதும் நலம். மாதந்தோறும் ஆள் மாறும் இடத்தில் மறதி நோயாளருக்கு ஒரு முகமும் பழக்கப்படாது.

கட்டி வைப்பதைக் குறித்துச் சட்டம் தெளிவாக உள்ளது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியின்றி மாண்டனர். 28 உயிர்கள் போயின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் அனுமதிக்கவில்லை. உடலைக் கட்டுப்படுத்துவதாயின், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைப்படும் நேரம் மட்டுமே செய்யலாம். ஆள் போதவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறுதல் வேண்டும். பதிவுச் சான்றினைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. விதை வாங்கும்போது சான்றட்டையைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

கயிறில்லாமலும் கட்டி வைக்கலாம். முற்பகலில் சென்றபோது ஒருவர் தவறாமல் எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால், என்ன மாத்திரை கொடுக்கப்படுகிறது, எந்த மருத்துவர் எழுதியது, எப்போது மறு ஆய்வு செய்தார் என்று விசாரிக்க வேண்டும். மனக்கிளர்ச்சியை அடக்கும் சில மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரிடத்தில் பக்கவாதத்தையும் மரணத்தையும் அதிகப்படுத்தக்கூடியவை. அவை வேண்டப்படும் சமயமும் உண்டு. ஆனால் பணியாளரின் வசதிக்காகக் கொடுக்கப்படுபவை அல்ல அவை.

இரண்டாவதாக நாங்கள் சென்றது நல்ல பெயர் பெற்ற முதியோர் இல்லம். தம் காரியங்களைத் தாமே செய்துகொள்பவர்களை மட்டுமே சேர்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. முதியோர் இல்லங்கள் பலவற்றில் இவ்விதி உண்டு. இடம் கிடைக்க வேண்டுமே என்று நோயை மறைத்துச் சேர்ப்பவர்கள், சில வாரங்களில் மீண்டும் பெட்டியுடன் வாசலில் நிற்கும் நிலையைத் தேடிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது இடம் ஓட்டுக் கூரையிட்ட பழைய வீடு. 14 பேர் இருந்தனர். அதன் பொறுப்பாளராகிய செவிலியர், நாங்கள் கேள்வி கேட்குமுன்பே தாம் கேட்கத் தொடங்கிவிட்டார். பெரியம்மாவை வீட்டில் எப்படி அழைப்பீர்கள்? விடியற்காலை எத்தனை மணிக்கு எழுவார்? காப்பியா, கம்பங்கூழா? குளிக்க அஞ்சுவாரா? கன்றுக்குட்டியைப் பற்றி அண்ணன் சற்று வெட்கத்துடன் கூறியபோது, "அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டாரே, அக்கேள்வியில் என் மனம் பாதி முடிவு செய்துவிட்டது.

மீதிப் பாதிக்குப் பதிவேடுகளைக் கேட்டேன். உத்தியோகப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. மாதந்தோறும் எடை குறிக்கும் ஏடு இருந்தது. விழுந்தவர்களைப் பற்றிய ஏட்டில், அவ்வாண்டு மூவர் விழுந்ததும் அதன்பின் செய்த ஏற்பாடும் எழுதப்பட்டிருந்தன. இங்கே எவரும் விழுந்ததே இல்லை என்று சொல்லும் காப்பகத்தை நான் நம்பமாட்டேன். முதியோர் விழத்தான் செய்வர், மறைப்பதுதான் குற்றம். படுக்கையிலேயே இருக்கும் பாட்டி ஒருவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்த நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. படுக்கைப் புண் வராதிருக்க அதுவே வழி. ஒரு வேளை உணவையும் உடனிருந்து பார்த்தோம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கியதைக் கண்ட பின்பே மறு வாய் ஊட்டினார்கள். படுத்தவாறே அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் நோய் கண்டுவிடும். கழிப்பறையில் பிடித்தெழக் கம்பியும், முற்றத்தைச் சுற்றி மதிலும், உலாவ இடமும் இருந்தன. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துதான் இருந்தது. அண்ணன் அதைக் காட்டி முகம் சுளித்தார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சொன்னால், அதில் எவை அடங்கா என்பதையே விசாரிக்க வேண்டும். டயப்பர், மருந்து, மருத்துவமனைக்கு வண்டி, அங்கே உடனிருக்கும் ஆளின் கூலி ஆகியவை தனியாக வந்து சேரும்போது தொகை எங்கோ போய்விடும். விவசாயிக்கு வருமானம் அறுவடையில் வருகிறது. கட்டணமோ மாதந்தோறும் நிற்கிறது. ஓராண்டுக்கு எழுதிப் பார்த்துக் கணக்கிட்ட பின்பே கையெழுத்திட வேண்டும். முன்பணம் திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் பெறுவது நலம். காப்பகத்துக்காக நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடலாம். உறவினர்களுக்கும் ஒரு சொல்: தாம் செய்வது இன்னதென்று அறியும் நிலையில் இல்லாதவரிடம் கைநாட்டுப் பெற்று எழுதும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது.

பெரியம்மாவை அந்த ஓட்டு வீட்டில் சேர்த்தோம். முதல் மாதம் 46 கிலோ இருந்தவர், மூன்றாம் மாதம் 42 கிலோவுக்கு இறங்கிவிட்டார். எடை ஏட்டைப் பார்த்து நாங்கள் கேட்டிராவிட்டால் அது எங்களுக்குத் தெரிந்திராது. செவிலியரும் சில நாட்களாகக் கவலையோடிருந்தார். விசாரித்ததில், மேசையில் எவர்சில்வர் தட்டு வைத்தால் அவர் தொடுவதில்லை என்று தெரிந்தது. அண்ணி வீட்டிலிருந்து அவருடைய பழைய கும்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்து, தரையில் பாய் விரித்து உட்கார வைத்ததும் சாப்பிடத் தொடங்கினார். நல்ல காப்பகத்துக்கும் வீட்டார் சொல்லித் தர வேண்டியவை இருக்கின்றன. சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று போய்விடுபவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை நினைவூட்டுகிறேன். தம் பராமரிப்பில் உள்ள முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்துடன் எங்கேனும் விட்டுச் செல்வதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ அதில் விதிக்கப்பட்டுள்ளன.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. ஊரிலிருந்து காப்பகங்களுக்குச் சென்றிருக்கும் முதியோர் யார் யார், எங்கே இருக்கின்றனர் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளலாம். அவ்வூர்ப் பக்கம் வேறு வேலையாகச் செல்பவர் எவரேனும் முன்னறிவிப்பின்றி ஒரு முறை எட்டிப் பார்த்து வரலாம். கட்டி வைத்தல், அடித்தல், பட்டினி போன்றவை தெரிய வந்தால் மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ, மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணுக்கோ தெரிவிக்கலாம். தோட்டக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொல்வதும் அவர்கள் வேலைதான். எங்கள் கிணற்றுக்கு அண்ணன் அடுத்த சித்திரையில் கட்டினார்.

அதற்கடுத்த மாட்டுப் பொங்கலுக்குப் பெரியம்மாவை இரண்டு நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பொழுது சாய்ந்ததும் கன்றைக் கட்டவேண்டும் என்று எழுந்தார். முன்பெல்லாம், "கன்று ஏது, மாடு ஏது?" என்று நாங்கள் வாதாடுவோம்; அவரும் அழுவார். இம்முறை அண்ணி, காப்பகத்தில் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு காலியான தொழுவத்தைச் சுற்றி வந்தார். "செவலையைக் கட்டியாயிற்று, அத்தை. வாருங்கள், சாப்பிடலாம்" என்றார். பெரியம்மா முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்.