மலை பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

திருவண்ணாமலைக்கு முதன்முறை வரும் பிள்ளைகள் கோயில், கிரிவலம், ஆசிரமம் எல்லாம் முடித்துவிட்டு என் திண்ணையில் வந்து உட்காருவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஞானம் வந்தால் மனுஷன் எப்படி மாறுவான்? எனக்கு வேதாந்தப் பாடம் நடத்த வராது. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து, 1950 வரை வேறெங்கும் போகாமல் இங்கேயே இருந்தவர் ரமணர். அவரை வைத்துத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. ஒளி தெரியும், மணி கேட்கும் என்று உட்காராதீர்கள். 1896 ஜூலையில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடியில் இருந்த 16 வயதுப் பையன் வேங்கடராமனை, பின்னாளில் ரமணர் ஆனவனை, திடீரென்று சாவு பயம் பிடித்தது. நோய் நொடி ஒன்றுமில்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, செத்துப் போவது எது என்று உள்ளே பார்த்தான். உடம்பு கட்டையாகக் கிடந்தாலும் 'நான்' என்பது அதை நம்பி இல்லை என்பது பளிச்சென்று பட்டது. அன்று போன பயம் பிறகு வரவில்லை. தெய்வம் தோன்றிப் பேசியதாகவோ வானம் பிளந்ததாகவோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த உடம்புதான் நான் என்ற பிடி விட்டுப் போவது, அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும்.

2. கலைச்சொற்களைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். அதுவரை அந்தப் பையன் பெரிய புராணம் படித்திருந்தான்; பள்ளிக்கூடத்தில் பைபிள் படித்திருந்தான். தனக்கு நேர்ந்ததற்குச் சாத்திரம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது, மலைக்கு வந்தபின் அடியார்கள் கொண்டுவந்த நூல்களைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. நம்மில் பலருக்குப் பெயர்கள் முழுக்கத் தெரியும், சமாச்சாரம்தான் இன்னும் வரவில்லை.

3. மாற்றத்தைத் தட்டிலும் கோபத்திலும் தேடுங்கள். முன்பெல்லாம் சாப்பாட்டில் இது வேண்டும், அது வேண்டாம் என்ற பையன், பிறகு எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டான். கேலி செய்தவனோடு மல்லுக்கு நின்றவன், மற்றவர்கள் தலையில் கட்டிய வேலையையும் சத்தமில்லாமல் செய்தான். எப்போதாவது நண்பர்களோடு கோயிலுக்குப் போனவன், அன்றாடம் சாயங்காலம் தனியே மீனாட்சி கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன்னால் கண்ணீர் வடிய நின்றான். வீட்டார் இதை ஞானம் என்று நினைக்கவில்லை. படிப்பில் கவனம் போய்விட்டது என்றுதான் அண்ணன் திட்டினார். பக்கத்தில் இருப்பவருக்கு இது இப்படித்தான் தெரியும்.

பல வருஷம் கழித்து, ஊரே பகவான் என்று கும்பிட்ட காலத்திலும், விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். பந்தியில் தனக்கு மட்டும் ஒன்றைக் கூடுதலாக வைத்தால் ஏற்க மாட்டார். எல்லாருக்கும் உண்டென்றால்தான் அவருக்கும். இலையில் வைத்ததை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டு முடிப்பார். அவர் மௌனத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பந்தியைப் பற்றி இன்னும் நாலு புத்தகம் வந்திருக்கலாம்.

4. எல்லாமே மாறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, ஸ்பெஷல் கிளாஸ் என்று சாக்குச் சொன்னவர்தான் அவர். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் ரயிலுக்கு 3 ரூபாய் எடுத்துக்கொண்டார். மிச்சம் 2 ரூபாயை வைத்து, சம்பளம் கட்டவில்லை என்று சீட்டிலும் எழுதிவிட்டுப் போனார். உலகம் பொய் என்று கணக்கை விட்டுவிடவில்லை. பிற்காலத்திலும் செய்தித்தாள் பார்ப்பார், அச்சுப் பிழை திருத்துவார், தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துக் கிண்ணம் செய்வார். 1938இல் ஆசிரம நிர்வாகத்துக்காக முறைப்படி உயிலும் எழுதி வைத்தார். பெரிய புராணக் கதையை வாசித்தால் தொண்டை அடைத்து நிறுத்திவிடுவார். ஞானி கல்லாக இருப்பான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

5. அவர் கட்டிய கோவணத்தைப் பார்த்துப் பிரதி எடுக்காதீர்கள். இந்த ஊர்க் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் பூச்சி அரித்துத் தொடை புண்ணாகியும் உணர்வில்லாமல் அவர் இருந்தது உண்மை. அது நடந்தது; அவர் திட்டம் போட்டுச் செய்ததில்லை. வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களை அவர் பெரும்பாலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். வீடு மாறினால் மனசு மாறுமா என்பதுதான் அவர் கேள்வி. வேலையை விட்டுவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கும் என் பதில் அதுவே.

6. பழக்கம் என்று ஒன்று வேண்டுமென்றால், எண்ணம் எழும்போது இது யாருக்கு எழுகிறது என்று திரும்பிப் பாருங்கள். சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் 1902 வாக்கில் விருபாட்ச குகைக்கு வந்து கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த 'நான் யார்?' சிறு நூல்தான். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை மந்திரமாக ஜபிக்க ரமணர் சொல்லவில்லை. பலரும் அங்கேதான் தடம் மாறுகிறார்கள். கோபம் வந்தால், கோபப்பட்ட இந்த 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்று அது கிளம்பிய இடத்துக்கே பார்வையைக் கொண்டுபோக வேண்டும். ரேஷன் வரிசையில் நின்றபடியும் செய்யலாம். ஆனால், மதுரைப் பையனுக்கு ஒரே நாளில் முடிந்தது நமக்கும் அப்படி முடியும் என்று எண்ண வேண்டாம். நமக்கு ஒரு நாள் தெளிந்தாலும் மறுநாள் மனசில் ஊறிய பழைய வாசனைகள் ஈரத்துணியில் பூஞ்சைபோல் திரும்ப வரும். மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

7. ஞானம் அடியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பாற்றாது. 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து அவரையும் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கப் போன சீடரை அவர் தடுத்தார். தனக்கும் பூசை கிடைத்தது என்று பிறகு சிரித்தார். 1949இல் இடது கையில் புற்றுக்கட்டி. அந்த ஒரே வருஷத்தில் நான்கு முறை அறுத்தார்கள், நிற்கவில்லை. குணமாக்கிக்கொள்ளுங்கள் என்று அழுதவர்களுக்காக அவர் சித்து ஒன்றும் காட்டவில்லை. மருத்துவர்களையும் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14, கடைசி நாளிலும் தரிசனத்துக்கு வந்தவர்களை நிறுத்த விடவில்லை. அவர் உடம்புக்கு வந்தது எதுவும் குறையவில்லை. எனக்கு வந்தது என்று பிடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

8. கடைசியாகக் காசு விஷயம். அவர் யாருக்கும் முறைப்படி தீட்சை கொடுத்ததில்லை, கட்டணம் வைத்ததில்லை, தனக்கு அடுத்த குரு என்று யாரையும் நியமித்ததில்லை. எனவே மூன்று நாளில் ஞானம், சான்றிதழ் உண்டு என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால், சாப்பாடும் சேர்த்தா என்று மட்டும் கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.