ஓரி என்றொரு குதிரை



ஊர் ஊராகச் சுற்றும் வீரன் கதை என்றால் அதில் கட்டாயம் ஒரு குதிரை இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வரும். "அதெல்லாம் கதைதானே"ன்னு நாம் நினைக்கிறோம். ஆனால் பேர் வைத்துப் பாசமாக வளர்த்த குதிரை நம்ம நாமக்கல் மாவட்டத்திலேயே இருந்திருக்கு!

கொல்லிமலைக் குதிரை

சேந்தமங்கலம் பக்கம் நின்று பார்த்தால் தெரியுதே கொல்லிமலை, அதை ஆண்டவர் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஆடி மாதம் மலையில் விழா எடுக்கிறார்களே, அவர்தான். அவர் ஏறிய குதிரையின் பேரும் ஓரி!

அவரோடு போர் செய்தவர் முள்ளூர் மன்னர் மலையமான் திருமுடிக்காரி. அவர் குதிரையின் பேர் காரி. காரின்னா கறுப்பு. காரிக் குதிரையில் காரியும், ஓரிக் குதிரையில் ஓரியும் மோதியதைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. இதைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். கடைசியில் காரி கையால் ஓரி இறந்தார். கொல்லிமலை சேரரிடம் போய்விட்டது என்கிறது அகநானூறு 209-ஆம் பாட்டு.

மலை கைமாறிப் போச்சு. ஆனால் குதிரையின் பேர் மட்டும் அழியவில்லை. தன் பேரும் குதிரையின் பேரும் ஒன்றாக இருந்தால், அது வெறும் வாகனமா? கூடப் பிறந்தது மாதிரி அல்லவா!

நடந்தே போனவர்கள்

இதையெல்லாம் நமக்குச் சொல்வது பாணர்களைப் பற்றிய பாட்டு. பாணர்கள் யாழைச் சுமந்துகொண்டு, குடும்பத்தோடு, பசியோடு ஊர் ஊராக நடந்தவர்கள். பரிசு வாங்கிய பாணர் எதிரே வரும் ஏழைப் பாணருக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை.

அந்தக் காலத்தில் குதிரை சும்மா கிடைக்காது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அவ்வளவு அருமையான குதிரைகளைத்தான் காரி, தன்னிடம் கேட்டு வந்தவர்களுக்கு அன்பாகப் பேசிக் கொடுத்தார்.

முள்ளை எடுத்த மன்னர்

இதைவிடப் பெரிய விஷயம் பொருநராற்றுப்படையில் இருக்கிறது. ஊர் சுற்றும் பொருநருக்குக் கரிகால் சோழன் பால் போன்ற நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேரைக் கொடுக்கிறார். ஏழு அடி பின்னாலேயே நடந்து வருகிறார். ஓட்டும் கோலில் இருந்த முள்ளை எடுத்துவிட்டு, "ஏறு" என்று ஏற்றிவிடுகிறார்.

அந்த முள்ளுக்குத் 'தாறு' என்று பேர். நம்ம பக்கம் மாட்டுவண்டி ஓட்டுகிறவர் வைத்திருக்கும் தார்க்குச்சியைப் பார்த்திருப்பீர்கள். குத்தினால் மாடு துள்ளும், ரத்தம்கூட வரும். நல்ல குதிரை குத்தாமலே ஓடும். அப்புறம் முள் எதுக்கு?

நம் நாட்டில் இழுவை விலங்குகளை முள் குச்சியால் ஓட்டக் கூடாது என்று 1965-லேயே விதி வந்துவிட்டது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், ஒரு மன்னர் கையாலேயே அந்த முள்ளை எடுத்ததைப் பாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனால் குதிரைகளை நேரில் பார்க்கலாம். நம்ம வீட்டு மாட்டுக்குப் பேர் வைத்திருக்கிறோமா? வைத்திருந்தால், பேர் சொல்லியே ஓட்டுவோம். தார்க்குச்சியில் முள் வேண்டாம் என்று வீட்டில் சொல்லுவோம்.

சொல் அறிவோம்
புரவி, பரி, மா – குதிரை
உளை – பிடரி மயிர்
தாறு – கோலின் முனையில் உள்ள முள்

விடை சொல்லுங்கள்
1. ஓரியின் குதிரைக்கு என்ன பேர்?
2. ஆற்றுப்படை என்றால் என்ன?
3. கரிகாலன் ஏன் முள்ளை எடுத்தார்? சொந்த நடையில் எழுதித் தமிழ் ஐயாவிடம் காட்டுங்கள்.