மலை கறுத்தால் முந்திக்கொள்ளுங்கள்: தென்காசி கிராமங்களுக்கு ஒரு வெள்ள வழிகாட்டி

2024 மே 17. பழைய குற்றாலம் அருவியில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 17 வயது சிறுவன் உயிரிழந்தான். கோடையிலேயே இப்படி. அதே ஆண்டு டிசம்பரில் அருவிகளும் சிற்றாறும் மறுபடி பெருக்கெடுத்தன. மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஓடைகளில் தண்ணீர் தங்காது. மேலே கொட்டினால், கீழே தூறல் விழும் முன்பே வெள்ளம் வந்துவிடும். ஊருக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மலை கறுத்தால் அதுதான் எச்சரிக்கை. அப்போது யோசிக்க நேரமிருக்காது. முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்.

1. ஐப்பசிக்கு முன் குளத்தைப் பாருங்கள்

ஒரு குளத்தின் மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. மேல்குளம் உடைந்தால் கீழ்குளமும் தாங்காது. மறுகால் ஓடையில் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறதா, கரையில் எலி வளையோ கசிவோ இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இருந்தால் ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் எழுதிக் கொடுங்கள். காலிச் சாக்குகளும் மணலும் கரையோரமே இருக்கட்டும். மேலூரில் ஒருவர், கீழூரில் ஒருவர் என்று கைப்பேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். யாராவது தன் வயலைக் காக்கக் கரையை வெட்டிவிட்டால், அந்தத் தண்ணீர் கீழூர் வீடுகளுக்குள் புகும்.

2. வீட்டையும் தோட்டத்தையும் ஆயத்தம் செய்யுங்கள்

பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையை இறுக்கிக் கட்டுங்கள். வீட்டின் மேல் சாய்ந்த தென்னையில் காய்ந்த மட்டைகளை இறக்குங்கள். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள். முற்றிய தாரை வெட்டிவிடுங்கள்.

3. எச்சரிக்கை வந்ததும்

ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 12 முதல் 20 செ.மீ. மழை; சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆற்றோரத்தில் இருப்பவர்கள் முதியவர்களையும் குழந்தைகளையும் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆடுமாடுகளைத் தொழுவத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்டுங்கள், முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

4. தண்ணீர் வரும்போது

அருவியிலோ ஓடையிலோ இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ உடனே கரையேறுங்கள். செருப்பு, துணி, பை எதையும் எடுக்க நிற்காதீர்கள். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் மேடேறுங்கள்.

தரைப்பாலத்தில் அரையடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே ஆளைச் சாய்த்துவிடும். ஓரடி சிறிய காரை இழுக்கும்; இரண்டடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும். பாலமே அரித்துப் போயிருக்கவும் கூடும். வடியும்வரை காத்திருங்கள்.

5. வடிந்த பிறகு

அறுந்த கம்பிக்கு அருகே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். நனைந்த மோட்டாரைச் சோதிக்காமல் ஓட்டாதீர்கள்.

விழுந்த வாழையை அப்புறப்படுத்தும் முன்பு, இடிந்த சுவரைச் சரிசெய்யும் முன்பு படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மனுவை எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணக் கணக்கில் வரும். எனவே கணக்கெடுப்பு நாளில் வயலில் இருங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் சேதத்தைத் தெரிவியுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, ஊறிய நீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வையுங்கள். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெள்ளத்தில் நின்றதையும் சொல்லுங்கள்.

சுவரில் எழுத வேண்டிய எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108.