'பஸ் செல்' என்றதும் பயம் எதற்கு? புராஸ்டேட் நீர்ப் பரிசோதனை

லேப் சீட்டில் 'பஸ் செல்ஸ் 15-20' என்று பார்த்ததுமே பலருக்கு முகம் வெளுத்துவிடும். "உள்ளே சீழ் பிடிச்சிருச்சா டாக்டர்?" என்பார்கள். புராஸ்டேட் என்றாலே புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி, மனைவியிடம்கூடச் சொல்லாமல் மருகுகிறவர்களும் உண்டு.

புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி இருக்கும் சுரப்பி. வாலிபத்தில் அதன் எடை சுமார் 20 கிராம். டாக்டர் ஆசனவாய் வழியாக விரல்விட்டு இதை மெல்ல அழுத்தினால், மூத்திரத் துவாரத்தில் நீர்த்த பால் போல ஓரிரு சொட்டு வரும். அதைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

'பஸ் செல்' என்பது வேறொன்றுமில்லை, ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுதான். பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 10-க்குக் கீழே இருந்தால் சாதாரணம். அடுத்தது லெசித்தின் துகள். இது நிறைய இருப்பதுதான் நல்லது. சீட்டில் 'ப்ளஸ், ப்ளஸ், ப்ளஸ்' என்று போட்டிருந்தால் அரண்டு போகிறார்கள். இந்த வரியில் மட்டும் ப்ளஸ் கூடினால் சந்தோஷப்படுங்கள்! அழற்சி வந்தால் வெள்ளையணு கூடும், லெசித்தின் குறையும்.

ஆனால் வெள்ளையணு கூடிவிட்டதாலேயே கிருமி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைக் கல்ச்சர்தான் சொல்லும். சுரப்பியை அழுத்துவதற்கு முன்பு பிடித்த மூத்திரத்தையும் பின்பு பிடித்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாள்பட்ட அடிவயிற்று, இடுப்பு வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமி அகப்படுவதே இல்லை. வலியே இல்லாதவருக்கு அணுக்கள் அதிகம் இருக்கும். சீட்டு சுத்தமாக இருப்பவர் வலியால் துடிப்பார். ஆகவே எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவது வீண். லாட்ஜில் ரூம் போட்டு, "தாது கெட்டுப்போச்சு" என்று லேகியம் விற்கிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் வைத்தியத்தின் பேரைக் கெடுப்பதே அவர்கள்தான்.

குளிர் காய்ச்சலோடு மூத்திரமும் அடைத்துக்கொண்டால் இந்தப் பரிசோதனையே கூடாது. கொதித்து வீங்கிய சுரப்பியை அழுத்தினால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: அப்போது நெருஞ்சில் குடிநீரை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புற்றுநோயை இந்த நீர்ப் பரிசோதனை காட்டாது. அதற்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் விரல் பரிசோதனையும், சந்தேகம் இருந்தால் சதைத் துணுக்குப் பரிசோதனையும் உண்டு. அழற்சியில் பி.எஸ்.ஏ.வும் ஏறும் என்பதால், குணமாகி 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. 50 வயதைத் தாண்டியவர் ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சுரப்பி பெருத்திருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம்.

நாள்பட்ட வலிக்காரர்கள் பைக்கில் நெடுநேரம் போவதைக் குறைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பு மூழ்க 15 நிமிஷம் உட்கார்ந்தால் இதமாக இருக்கும். காரமும் காபியும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். மலச்சிக்கல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டெஸ்டுக்குப் போகும்போது, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். ஆன்டிபயாடிக் உள்ளே இருந்தால் கல்ச்சரில் கிருமி ஒளிந்துகொள்ளும்.