புகை விடும் பைக்: இன்ஜினைப் பிரிக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் தினமும் பைக்கில் போய்வருகிறவர்களுக்குக் கரிசல் மண்ணின் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஒரு லாரி போனால் போதும், முகமெல்லாம் மண். அதே காற்றைத்தான் உங்கள் வண்டியின் இன்ஜினும் இழுக்கிறது. அதனால்தான் நம்ம ஊரில் புகை, திக்கல், மைலேஜ் குறைவு என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்கப்படும் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் கிடையாது. அதற்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் இந்தப் பாடம் உங்களுக்கானது. "போர் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால் ஆயிரக்கணக்கில் செலவு. சில நூறு ரூபாய் ஃபில்டரோ பிளக்கோ மாற்றினால் தீரக்கூடிய கோளாறா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

முதல் படி: புகையின் நிறம்

கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் முழுதாகத் திரும்பாமல் நிற்பது, கார்புரேட்டரில் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழிவது, ஜெட் தேய்வது ஆகியவை காரணங்கள். இதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், அல்லது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப முறுக்கும்போது மட்டும் வந்தால், வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்மானம். அதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் நீலப் புகை வரும்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் சைலன்சரில் தேங்கிய ஈரம் ஆவியாகி வரலாம். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுகளில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் லேசான புகை இயல்பு. அளவுக்கு மேல் ஆயில் கலந்தால்தான் புகை மண்டும்.

இரண்டாவது படி: பிளக் என்ன சொல்கிறது

வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். அப்படியே ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெடும்.

மூன்றாவது படி: எந்த நேரத்தில் திக்குகிறது

* ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங்கில் நிற்காமல் அணைகிறது: பைலட் ஜெட் அடைப்பு.
* முறுக்கினால் இழுவை இல்லை, திணறுகிறது: மெயின் ஜெட் அடைப்பு, அல்லது டேங்கிலிருந்து பெட்ரோல் சரியாக வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இப்படி ஆகும்.
* ஐட்லிங் ஏறி இறங்குகிறது, வேகம் குறைக்கும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது: கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கலாம். ஐட்லிங்கில் அந்த இணைப்பின் மீது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் காற்று நுழைகிறது. இந்தச் சோதனைக்குப் பெட்ரோலைத் தெளிக்கவே கூடாது.
* பல நாள் நின்ற வண்டி, மழைக்குப் பிறகு திக்கும் வண்டி: பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை ஒரு பாட்டிலில் வடித்துவிடுங்கள்.

நான்காவது படி: ஃபில்டர்

ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, கையேட்டில் சொன்னபடி ஆயில் தடவி மாட்டலாம். உலர்ந்த காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளியே காற்று அடித்துச் சுத்தம் செய்யலாம். எண்ணெய் பூசிய காகித ஃபில்டரைக் கழுவவோ ஊதவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் சாதாரணச் சாலைக்கு. புழுதிப் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள். மண் உள்ளே போனால் ரிங்கும் போரும் தேய்ந்து, இல்லாத நீலப் புகையும் வந்து சேரும்.

கார்புரேட்டர் திருகைத் தொடும் முன், முழுதாக மூடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி போனில் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம்.

புகைச் சான்றிதழைப் படியுங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 115-வது விதிப்படி, பதிவாகி ஓராண்டு முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும் புகைச் சான்றிதழ் வேண்டும். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். சான்றிதழ் இல்லாவிட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்தச் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கை மாதிரி அதில் இரண்டு எண்கள் இருக்கும். 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான, பி.எஸ்.4-க்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.-க்குள்ளும் இருக்க வேண்டும். முதல் எண் ஏறினால் பெட்ரோல் அதிகம். ஃபில்டர், சோக், கார்புரேட்டர் பாருங்கள். முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது மட்டும் ஏறினால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. பிளக், வால்வு, ஆயில் பக்கம் பாருங்கள். மெக்கானிக்கிடம் அந்தச் சீட்டையும் காட்டுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி சோதித்தால் சரியானதா என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

சோதனைக்குப் போகும்போது வண்டியைச் சூடாகும் வரை ஓட்டிக்கொண்டு போங்கள். சோக் மூடியிருக்கட்டும். வண்டியைக் கொண்டுபோகாமலே "சீட்டு போட்டுத் தருகிறேன்" என்றால் வாங்காதீர்கள். கையில் காகிதம் இருக்கும். கோளாறு வண்டியிலேயே இருக்கும்.

15 ஆண்டு நெருங்கும் வண்டியா? பதிவு முடியும் முன் 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். வண்டியை நேரில் ஆய்வு செய்வார்கள். புதுப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டு ஓட்டலாம். உங்கள் பதிவும் புகைச் சான்றிதழும் என்றைக்கு முடிகின்றன என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்து இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனம்

மூடிய அறையில், ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரைப் பறிக்கும். கார்புரேட்டரைத் திறக்கும் இடத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் வேண்டாம். ஆயில் அளவு தானாக ஏறி, ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்க் டேப்பை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃப்ளோட் ஊசியைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.