சரக்கு வண்டியின் வீல் பேரிங்: நாமே பார்க்கலாம், நாமே மாற்றலாம்



நம்ம இதழில் மூடாக்கு, மண்புழு உரம், பூச்சிவிரட்டி பற்றியெல்லாம் நிறையப் படிக்கிறோம். இந்த முறை நான் வண்டிச் சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன். விளைந்ததை நாமே கொண்டுபோய் விற்கிறவர்களுக்கு வண்டியும் ஒரு பண்ணைக் கருவிதான். மண்வெட்டிக்குக் காம்பு ஆடினால் உடனே ஆப்பு வைக்கிற நாம், வண்டிச் சக்கரம் ஆடுகிறதா என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம். வாரம் ஒரு நாள் கீரை, முருங்கை, கத்தரி, கைக்குத்தல் அரிசி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவேன். வண்டி பழைய பிக்கப். போன பங்குனியில் முன்பக்கம் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. 'டயர் தேஞ்சிருக்கும்'னு விட்டுட்டேன். மூணாவது வாரம், விடியற்காலை கொடைரோடு தாண்டிப் போகும்போது வலது முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் நடுப்பகுதியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

மெக்கானிக் அண்ணன் வந்து கழற்றுவதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிட்டது. கீரை முழுக்க வாடிப்போச்சு. அவர் பேரிங்கை எடுத்துக் காட்டினார். உருளைகளைப் பிடித்து நிற்கும் தகட்டுக் கூடு உடைந்திருந்தது. சக்கரம் மாட்டியிருக்கும் ஸ்டப் ஆக்சிலிலும் கோடு கோடாகக் கீறல். "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா சக்கரம் தனியா போயிருக்கும் தம்பி. கீரை போனதோட விட்டுச்சேன்னு நெனச்சுக்க" என்றார். பேரிங்கோடு ஆக்சிலையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவு பல மடங்கு.

"இடது பக்கமும் அதே ஓட்டம்தானே ஓடியிருக்கு? அதை நீயே கழட்டு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் அவர். அன்று அவரிடம் கற்றதுதான் கீழே இருப்பது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம்: வேகம் கூடக் கூட ரீங்காரமும் கூடும். டயர் சத்தம் என்றால் தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறும். பேரிங் சத்தம் அப்படிப் பெரிதாக மாறாது. வண்டியை இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகப்படுங்கள். வலது பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது பேரிங்.

சூடு: பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே கோளாறு. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடாகும். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆட்டம்: பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். எங்கள் வீட்டம்மாதான் எனக்கு மிதித்தார். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். இடம் வலமாகப் பிடித்து அசைத்தால் மட்டும் ஆடுகிறது என்றால் ஸ்டியரிங் பக்கத்து டை ராட் எண்டைப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு கையை ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். மணலை அரைப்பது போல நறநறவென்று கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்?

முன்சக்கரத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூம்பு உருளை பேரிங் உள்ள வண்டிகளுக்குத்தான் இந்த முறை. சில வண்டிகளில் பேரிங்கும் ஹப்பும் ஒரே மூடிய பாகமாக வரும், அல்லது பிரஸ் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டியிருக்கும். பின்சக்கரத்துக்கும் வேலை வேறு. அவற்றைப் பட்டறைக்கே கொண்டு போங்கள்.

கழற்றுவது

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வேலை செய்யாதீர்கள். அடுக்கிய செங்கல்லும் ஸ்டாண்ட் ஆகாது, பாரத்தில் நொறுங்கிவிடும்.

சக்கரத்தை எடுத்ததும் டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது. கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டையும் வாஷரையும் கழற்றினால் வெளி பேரிங் கைக்கு வரும். பிறகு ஹப்பை இழுத்தால் டிஸ்கோடு வந்துவிடும். பின்பக்கம் ஆயில் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்துப் பாருங்கள். உருளையில் குழி, கீறல், நீலம் பாரித்த நிறம் இதில் எது இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பழைய பேரிங்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஆயில் சீலும் ஸ்பிளிட் பின்னும் கட்டாயம் புதுசு.

மாட்டுவது

உருளை உள்ள கோனை மட்டும் மாற்றிவிட்டு, ஹப்புக்குள் இருக்கும் பழைய கப்பை விட்டுவைக்கக் கூடாது. இரண்டும் ஜோடி. பித்தளைப் பஞ்சால் எதிரெதிர் பக்கம் மாற்றி மாற்றித் தட்டி பழைய கப்பை வெளியேற்றுங்கள். புதுக் கப்பையும் அதேபோல் நேராக இறக்குங்கள். அது அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும். "காது சொல்லும்" என்றார் அண்ணன். சொன்னது சரிதான்.

வீல் பேரிங்குக்கு உரிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான ஓரத்தால் வழித்து வழித்து அழுத்துங்கள். மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மேலே பூசினால் போதாது. பழைய கிரீஸோடு கலக்க வேண்டாம். ஹப்புக்குள் முழுக்க அடைக்கவும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, உதடு பேரிங் பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். டிஸ்கில் கிரீஸ் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டு முறுக்குவதில்தான் வேலையே இருக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே, கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும் வரை ஸ்பானரால் முறுக்குங்கள். பேரிங் நன்றாக உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி, வெறும் கையால் மட்டும் மறுபடி முறுக்கி, காடி துளைக்கு நேராக வந்ததும் ஸ்பிளிட் பின் போட்டு மடக்குங்கள். நேராக வரவில்லையென்றால் தளர்த்தும் பக்கமாகவே நகர்த்துங்கள். அதிகம் இறுக்கினால் சூடாகிக் கருகும்; அதிகம் தளர்ந்தால் ஆடும். உங்கள் வண்டிக் கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எல்லாம் மாட்டியபின், வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். முதல் மிதி பள்ளமாகத்தான் போகும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடு பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஏன் சீக்கிரம் தேய்கிறது?

பெரும்பாலும் காரணம் நாம்தான். எரு ஏற்றும்போது அளவு பார்ப்பதில்லை. ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே ஓடைத் தண்ணீரில் இறக்குகிறோம். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவும்போது பிரஷர் பம்பை நேரே சீலில் பிடிக்கிறோம்.

இன்னொன்று. கழுவிய டீசலையும் பழைய கிரீஸையும் வரப்போரம் கொட்டிவிடாதீர்கள். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுங்கள். ரசாயனம் வேண்டாம் என்று பாடுபட்டு மீட்ட மண்ணில் அதை ஊற்றலாமா?

இடது பக்கத்தை முடிக்க எனக்கு அரை நாள் ஆனது. அண்ணன் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார். இருக்கட்டும். இப்போதெல்லாம் சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் சரக்கு ஏற்றும் முன் நாலு சக்கரத்தையும் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீரைக்கட்டை எடுக்கிறேன். நீங்களும் இந்த வாரமே ஒரு தடவை அசைத்துப் பாருங்கள்.