விருந்து மேசையும் வீட்டுப் பொருள்களும்

விருந்தோம்பல் நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிதன்று. ஊரில் களறிச் சாப்பாடும், சஹனைச் சுற்றி இருவர் மூவராகக் கூடியமர்ந்து உண்ணும் வழக்கமும் நாம் அறிந்தவையே. ஆயின் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவர், பெருநாள் மாலையில் நாற்பது பேரை அழைத்துவிட்டால் பந்தி விரிக்க இடம் ஏது? மலாய்ச் சகோதரர்கள் ‘ரூமா தெர்புக்கா’ என்று வழங்கும் திறந்த இல்ல உபசாரத்திலோ விருந்தினர் ஒரே நேரத்தில் வருவதுமில்லை. ஒருவர் வர ஒருவர் போவார். ஆகவே உணவை ஒரு மேசையில் வரிசையாக வைத்து, வருவோர் தாமே எடுத்து உண்ணும் ‘பஃபே’ முறை நம் வீடுகளிலும் புகுந்துவிட்டது. பஃபே என்பது பிரெஞ்சு மொழியில் சாப்பாட்டு அறையின் ஓரத்தில் நிற்கும் பாத்திர அலமாரிக்குப் பெயர். அதன்மேல் வைத்த உணவுக்கும் பிற்காலத்தில் அப்பெயரே ஆயிற்று.

“விருந்தாளியைத் தானே அள்ளிக்கொள்ளச் சொல்வது மரியாதையா?” என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தினர்க்குக் கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து, அதை அவர்கள் அருகில் வைத்தார்கள் என்று திருமறையின் 51ஆம் அத்தியாயம் கூறுகிறது. அருகில் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விருந்தினர் எழுந்து உணவைத் தேடிப் போகவில்லை. உணவுதான் அவர்களிடம் வந்தது. பஃபே முறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. எனவே வீட்டுக்காரர் கையால் செய்ய வேண்டிய உபசாரத்தை அந்த மேசையே செய்யும்படி அமைக்க வேண்டும். யாரும் கேளாமல், தயங்காமல், எட்டிப் பிடிக்காமல், வெட்கப்படாமல் தமக்கு வேண்டியதை எடுக்க முடிகிறதா என்பதே அளவுகோல். அழகு அதற்குப் பின்னர்தான்.

இப்போது சிலர் இதற்கென மூடிபோட்ட எஃகுத் தட்டங்களும், சுருக்கம் வைத்த மேசைத் துணியும், பின்னால் தொங்கவிடும் பூத்திரையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். வசதியுள்ளவர் எடுப்பதைக் குறை சொல்வதற்கில்லை. கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு மூன்று மாதம் வட்டிக்கு அஞ்சுகிறவரைப் பற்றித்தான் நம் கவலை. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. மினுமினுப்பு நம் விருந்தின் இலக்கணமாக இருந்ததில்லை. வீட்டில் உள்ளவை, கடையில் கிடப்பவை, இவற்றைக் கொண்டே கண்ணியமான மேசையை அமைக்கலாம். சொல்லப்போனால் இந்த வேலை நமக்கு எளிது. சரக்கு அடுக்கத் தெரிந்தவர்கள் அல்லவா நாம்!

முதலில் மேசை நிற்குமிடம். வாசலுக்கு எதிரே போட்டால் வருவோரும் எடுப்போரும் முட்டிக்கொள்வார்கள். கூடத்தின் உட்பக்கத்தில், சமையலறைக்குச் சமீபமாக, ஆனால் அதன் கதவை மறைக்காமல் போடுவது நலம். இடமிருந்தால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டு இரு பக்கமும் ஆட்கள் நடக்க விடலாம்; வரிசை பாதியாகக் குறையும். இடமில்லாவிட்டால் சுவரோரம் போட்டு ஒரே திசையில் நடக்கும்படி செய்க. ஆறடி மேசை ஒன்றில் சோறும் ஐந்தாறு பதார்த்தங்களும் தாராளமாக அடங்கும். பானங்களையும் இனிப்பையும் ஒருபோதும் அதே மேசையில் வைக்கலாகாது. ஒருவர் சர்பத் ஊற்றிக்கொண்டு நின்றால் பின்னால் பத்துப் பேர் சோற்றுக்குக் காத்திருக்க நேரும். தையல் இயந்திரத்தின் மேற்பலகை, பிள்ளைகள் படிக்கும் மேசை, கடையிலிருந்து வந்த மடக்கு மேசை, எதுவாயினும் பானத்துக்குப் போதும்.

அடுத்தது வரிசை. தட்டு முதலில், பிறகு நெய்ச்சோறு, பிறகு கறி ஆணம், தால்ச்சா, பொரியல், கடைசியில் ஊறுகாய், பச்சடி. கரண்டி, முள்கரண்டி, கைத்துடைப்புத் தாள் ஆகியவை வரிசையின் இறுதியில் இருக்க வேண்டும். இவற்றைத் தட்டோடு முன்னே வைக்கும் வழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை; ஒரு கையில் தட்டு, மறு கையில் கரண்டியும் தாளும் இருந்தால் சோற்றை எந்தக் கையால் அள்ளுவது? நம் பிள்ளைகள் இடக்கையால் அள்ளுவதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் இதனால்தான். பினாங்கில் நாசி கண்டார் விற்ற நம் முன்னோர் தோளில் காவடித் தண்டு ஏற்றி, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியும் சுமந்து சென்றார்கள். ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொல் அந்தக் காவடிச் சுமையைக் குறிப்பது. எது முதலில் வேண்டும், எது கைக்கு எட்டவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி மேசையின் தோற்றத்துக்கு வருவோம். எல்லாப் பாத்திரங்களையும் ஒரே மட்டத்தில் வைத்தால் பின்வரிசையில் உள்ளது கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்க முனைபவரின் சட்டைக் கை முன்வரிசை ஆணத்தில் தோயும். ஆகையால் பின்வரிசையை உயர்த்த வேண்டும். அதற்குச் சதுரமான பிஸ்கட் தகரங்களே உத்தமம். காலித் தகரம் சாயும். உள்ளே இரண்டு மூன்று சர்க்கரைப் பொட்டலங்களை வைத்து மூடினால் அசையாது. கடையில் பழம் வந்த பெட்டிகளையும் கழுவி, காயவைத்து, கவிழ்த்துப் போட்டு மேலே துணி விரிக்கலாம். கருவாட்டுப் பெட்டியை மட்டும் தொடவேண்டாம். எத்துணை முறை கழுவினாலும் பிரியாணிக்கு முன் அதுவே மணக்கும். உயரத்தில் வைக்க வேண்டியவை முறுக்கு, போண்டா, ரொட்டி ஜாலா போன்ற உலர்ந்த, கனமற்ற பொருள்கள். கொதிக்கும் ஆணத்தையும் கனத்த சோற்றுப் பாத்திரத்தையும் மேசைப் பலகையிலேயே வைக்க வேண்டும். விருந்தில் குழந்தைகள் ஓடுவார்கள் என்பதை மறக்கலாகாது. அதே காரணத்தால் துணியைத் தரை வரை தொங்கவிடுவதும் ஆபத்து. பிடித்து இழுத்தால் எல்லாம் தலையில்.

துணிக்கு எங்கே போவது? பெட்டியில் கிடக்கும் மூட்டாத புதுக் கைலி ஒன்றை எடுங்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள அது ஆறடி மேசையை மூடி, இரு பக்கமும் சற்றுத் தொங்கும். மேசைத் துணிக்கு அதுவே சரியான அளவு. மலாய் மக்கள் கைலியை ‘காயின் பெலிகாட்’ என்பார்கள். பெலிகாட் என்பது சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காடு. அத்துறைமுகத்தின் பெயர் இந்நாட்டு மக்களின் நாவில் நிலைத்தது கடல் கடந்த துணி வாணிபத்தினால். அந்தத் துணி நம் மேசையில் விரிக்கப்படும்போது, மலாய் விருந்தினர் அதை அடையாளம் கண்டு புன்னகைப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கட்டம் போட்ட கைலியின்மேல் வெள்ளை மங்குப் பாத்திரம் எடுப்பாகத் தெரியும். பூப்போட்ட பாத்திரமானால் ஒரே நிறத் துணி போதும்.

வாழையிலையை வெட்டியபடியே வைத்தால் கிழியும். அடுப்பின்மேல் இலேசாக வாட்டினால் பட்டுப்போல் வளையும். சுளகில் அதைப் பரப்பி அதன்மேல் பலகாரங்களை அடுக்கினால் வெள்ளித் தாம்பாளம் எதற்கு? டிபன் கேரியரின் அடுக்குகளைத் தனித்தனியே பிரித்தால் சட்டினி, சம்பல், பச்சடி, எலுமிச்சைத் துண்டு ஆகியவற்றுக்கு ஒரே மாதிரியான நான்கு கிண்ணங்கள் கிடைத்துவிடும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கிக் கரண்டிகளை அதில் நிறுத்தலாம். பாண்டான் இலையில் நாலைந்தை முடிச்சிட்டு நடுவில் வைத்தால் மணத்துக்கு மணம், அழகுக்கு அழகு. மல்லிகையும் ஊதுபத்தியும் உணவு மேசைக்கு வேண்டாம். நெய்ச்சோற்றின் வாசம் அதோடு மல்லுக்கு நிற்கும். கல்யாண வீட்டில் வைத்திருந்த பன்னீர்ச் செம்பு வாசலில் இருக்கட்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் ஒரு சிறு தட்டு, அகப்பையைச் சாய்த்து வைக்க. இது இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் துணி முழுதும் ஆணம்.

வணிகர் வீட்டு விருந்துக்குப் பல மதத்தாரும் வருவார்கள். மொத்த வியாபாரியான சீனர், கணக்கெழுதும் இந்து நண்பர், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம். இந்துக்களிலும் சீன பௌத்தர்களிலும் மாட்டிறைச்சி உண்ணாதோர் பலர். சைவ உணவு மட்டுமே உண்போரும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்து, “இது என்ன?” என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் வெறும் சோற்றோடு ஒதுங்கும் நிலை நம் வீட்டில் வரலாமா? மாட்டிறைச்சியை மேசையின் ஒரு கோடியில் வையுங்கள். சைவ உணவுகளை மறு கோடியில், முடிந்தால் தனி மேசையில், தனி அகப்பைகளோடு வையுங்கள். சைவப் பருப்பில் இறைச்சி ஆணத்தின் அகப்பை ஒருமுறை பட்டாலும் அவருக்கு அது ஆகாது. பெயர்ச் சீட்டுக்குக் கடையில் விலை எழுதும் அட்டை இருக்கிறது; தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சாய்த்து வைத்தால் போதும். வேர்க்கடலை, இறால் சேர்ந்தவற்றில் அதையும் எழுதுவது நல்லது. ஒவ்வாமையுள்ளவர்க்கு அது உயிர்ப் பிரச்சினை. கடையில் ஓடாத சரக்கை முன்னால் தள்ளி, ஓடுவதை உள்ளே வைப்பது நம்மில் சிலர் வழக்கம். விருந்து மேசையில் அந்தத் தந்திரம் கூடாது. நல்லதைக் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும்.

பெரிய தேக்சாவைத் தூக்கி வந்து மேசையில் வைப்பதைப் பெருமையாக எண்ணுவோர் உண்டு. சிறிய பாத்திரத்தில் வைத்து, முக்கால்வாசி தீர்ந்ததும் மாற்றுவதே மேல். உணவு சூடாக இருக்கும். மேசை கலைந்து காணப்படாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, மேசைக்கு வராத உணவு பல கைகள் படாமல் சமையலறையில் தூய்மையாக இருக்கும். அண்டை வீட்டாருக்கோ, வரமுடியாத முதியவருக்கோ மனங்கூசாமல் கொடுத்தனுப்பலாம். வீண் விரயம் கூடாதென்னும் திருமறைக் கட்டளை (அல் அஃராஃப், 31) நடைமுறையில் இப்படித்தான் நிறைவேறும். ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குப் போதுமென்பது நம் அனுபவம். பதார்த்தங்கள் பல இருந்தால் சோறு இன்னும் குறைவாகவே செல்லும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவு அந்த நிலையில் நான்கு மணி நேரத்துக்குமேல் இருந்தால் உண்ணலாகாது என்பது சிங்கப்பூர் உணவு அதிகாரிகளின் அறிவுரை. சோற்றிலும் ஒரு வகைக் கிருமியின் வித்து சமைத்தபின்னும் உயிரோடிருக்கும் என்பதால், சோறு கெடாது என்ற நம்பிக்கை தவறு. தேங்காய்ப்பால் சேர்ந்தவை இன்னும் விரைவில் கெடும். மின்சார அரிசிக் குக்கரைச் சூடு காக்கும் நிலையில் வைத்தால் சோற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டாம்; கம்பி நடைபாதையில் குறுக்கிடாமல் மட்டும் பார்த்துக்கொள்க. ஆணத்துக்கு, அகன்ற பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி அதனுள் ஆணக் கிண்ணத்தை இறக்கி, நீர் ஆற ஆற மாற்றிக்கொண்டிருந்தால் சிறிது நேரம் சூடு தங்கும். வட்டிலப்பம், பச்சடி ஆகியவற்றைப் பனிக்கட்டி நிரம்பிய தாம்பாளத்தின்மேல் வைக்கவும்.

எடுத்த உணவை எங்கே உட்கார்ந்து உண்பது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெருமானார் (ஸல்) உயர்ந்த மேசையில் வைத்து உண்டதில்லை, சுஃப்ரா விரிப்பில் உண்டார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உண்டு. இதனால் மேசை தடையென்று பொருளில்லை. ஆனால் நின்றுகொண்டு தட்டோடு தடுமாறுவதும் நம் ஒழுக்கமன்று. கூடத்தில் பாய் விரித்து நடுவில் சுஃப்ராவைப் போட்டுவிட்டால் பதினைந்து பேர் உட்காரலாம். நாற்காலிகள் முதியோருக்கு. அவர்களை வரிசையில் நிறுத்தாமல் வீட்டுப் பிள்ளைகள் தட்டில் பரிமாறிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கை கழுவக் கெண்டியும் படிக்கமும் இருந்தால் குளியலறை வாசலில் கூட்டம் சேராது.

கடைச் சிப்பந்திகள் விஷயம் இதைவிடக் கனமானது. முதலாளி வீட்டு விருந்தில் அவர்கள் காலையிலிருந்து நாற்காலி தூக்கி, அரிசி மூட்டை இறக்கி, பாத்திரம் கழுவி, எல்லோரும் போனபின் அடியில் ஒட்டியதை உண்ணும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. தாமே எடுத்துக்கொள்ளும் மேசை என்றாலும், முதலாளி சொல்லாமல் அவர்கள் தட்டை எடுக்க மாட்டார்கள். உணவு சமைத்த பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்யவேண்டும், இயலாவிடில் ஓரிரு கவளமாவது கொடுக்கவேண்டும் என்பது நபிமொழி. ஆகவே வீட்டுக்காரர் தாமே ஒரு தட்டை எடுத்து, சிப்பந்தி ஒருவர் கையில் கொடுத்து, முதல் பந்தியிலேயே விருந்தினரோடு உட்கார வைக்கட்டும். அடுப்படியில் நிற்கும் பெண்மக்களுக்கும், மேசையை நிரப்புவதற்கு முன்பே, சோறும் நல்ல துண்டு இறைச்சியும் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும்.

விருந்து முடிந்ததும் கைலியில் மஞ்சள் கறை கண்டு யாரும் மனம் வருந்த வேண்டாம். சோப்புப் பட்டவுடன் அது சிவப்பாக மாறும். அது மஞ்சளின் இயல்பு. நன்றாக அலசி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் பெரும்பாலும் மங்கிப் போய்விடும்.